படகில் முன் சீட்டு

என் மனைவியைக் கடத்திக்கொண்டு போவதென்று முடிவு செய்தேன். பயப்படாதீர்கள், ஏரி நடுவே இருக்கும் தீவு வரைக்கும்தான். வீட்டில் அவளோடு இரண்டு வார்த்தை பேச வழியில்லை. நான் வாயைத் திறந்தால் போன் அடிக்கும். அந்தப் பக்கம் அவள் தங்கை. அவர்கள் பேசி முடிப்பதற்குள் நான் சொல்ல வந்த பிரியமெல்லாம் ஆறிப்போய்விடும். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து எத்தனை காலமாயிற்று! அந்தச் சிரிப்புக்காக ஏங்கிக் கிடந்தேன் ஐயா.

தீவில் ஓர் இடிந்த அரண்மனை உண்டு. போன் சிக்னல் கிடையாது. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒல்லியான வாடகைப் படகு. இருவருக்குத்தான் இடம். படகுக்காரர், "யாரு முன்னால?" என்றார்.

"இதென்ன கேள்வி? ஓட்டுறவன்தான் முன்னால!"

ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள், மறுபேச்சில்லாமல் இன்னொரு துடுப்பை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தண்ணீரெல்லாம் மாலை வெயில். மனசு இளகிவிட்டது.

"அந்த அரண்மனையில ஒரு ராணி இருந்தாளாம். சண்டைக்குப் போன ராஜா வருவான்னு தினம் படிக்கட்டுல விளக்கேத்தி வெச்சுக் காத்திருப்பாளாம்."

"வந்தானா?"

"வரலை. தலை நரைக்கிற வரைக்கும் காத்திருந்தா."

"ஐயோ பாவம். பேச்சுத் துணைக்குத் தங்கச்சி யாரும் இல்லையா?"

பேச்சு போன திசை எனக்குப் பிடிக்கவில்லை. படகு போன திசையும் பிடிக்கவில்லை. நான் தீவைப் பார்த்துத் துடுப்புப் போட்டால் அது கரையைப் பார்த்துத் திரும்பியது.

"காத்து இழுக்குதும்மா!"

"ஆமாங்க, பேய்க்காத்து. விடாதீங்க, அழுத்திப் போடுங்க."

அழுத்திப் போட்டேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. கரையில் ஓர் இலைகூட அசையவில்லை என்று நான் கவனித்தபோது படகு ஒரு படித்துறையில் முட்டி நின்றது. மேலே, தன் வீட்டு வாசலில், மைத்துனி சிரித்துக்கொண்டு கையாட்டினாள். அவள் புருஷன், என் சகலை, இறங்கி வந்து படகைப் பிடித்தார்.

"திருப்புறது பின்னால இருக்கிறவங்க கையில அண்ணே. முன்னால இருக்கிறவரு வெறும் இஞ்சின்தான்" என்று என் காதில் சொன்னார். "நானும் முன்னால உக்காந்தவன்தான்."

கோபத்தோடு திரும்பினேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். நான் ஏங்கிய அதே சிரிப்பு!

"ராணி கதைய என்னமா சொன்னீங்க! அந்தப் படிக்கட்டை இப்பவே பாக்கணும்போல இருக்குங்க."

கோபம் போன இடம் தெரியவில்லை. தோள்வலியும் போயிற்று. துடுப்பைத் தூக்கினேன்.

"கொஞ்சம் இறங்கிக்குங்க" என்றாள். "தங்கச்சி ஏறட்டும்."