மாவுக் கோடு

"மாமா, நான் கோட்டுக்கு வெளியதான் நிக்கிறேன்."

"மைதானத்துல மாமா கிடையாது, ரெஃப்ரிதான். கோடு உன் முதுகுக்குப் பின்னால இருக்கு."

லிஃப்ட் மெக்கானிக் மறுபடியும் விசில் ஊதினார். ஆட்டம் முடிய இரண்டே நிமிடம். பேக்கரி அணி ஒரு கோல் முன்னிலை. சலவைக்கூட அணியில் ஆடும் அவருடைய மச்சினன் குப்புற விழுந்தபடி அடித்த பந்து கோலுக்குப் பக்கவாட்டில் வெளியே போக, கடைசியாகத் தொட்டது அவன்தான் என்று மெக்கானிக் பேக்கரிக்குக் கோல் கிக் கொடுத்திருந்தார். அதை உதைப்பதற்குள் மச்சினன் பெனால்டி பெட்டிக்குள் பாய்ந்துவிட்டான். பந்து நகரும்வரை எதிரணிக்காரர்கள் பெட்டிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். விதிகள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பெஞ்சில் தேர்வாளர் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் தேறினார் என்று அவர் எழுதினால்தான் நடுவர் உரிம அட்டை கிடைக்கும். ஏற்கெனவே இரண்டு முறை கை நழுவிப் போனது. இன்று போகாது என்று மெக்கானிக்குக் காலையிலேயே தெரியும்.

"பேக்கரிக்காரங்க ரெண்டு பேர் உள்ளயே நிக்கிறாங்களே, அவங்களுக்கு மட்டும் என்ன சலுகை?" என்றார் சலவைக்கூடத்து இஸ்திரிக்காரர்.

நியாயமாகப் பட்டது. அவர்களையும் வெளியே அனுப்பினார். பெஞ்சிலிருந்து ஒரு இருமல் வந்தது. அவருக்குச் சுருக்கென்றது. அந்த விதி எதிரணிக்கு மட்டும்தான். உதைக்கும் அணியினர் உள்ளே நிற்கலாம்.

"நீங்க உள்ள வாங்க," என்றார், முதலிலிருந்தே அதுதான் திட்டம் என்பதுபோல.

"போங்கறீங்க, வாங்கங்கறீங்க. நாங்க என்ன லிஃப்டா?" என்றார் ரொட்டி சுடுபவர்.

"முதல்ல கோடு எங்கன்னு காட்டுங்க, மாமா," என்றான் மச்சினன்.

காலை மழையில் கோடு பாதி கரைந்திருந்தது. பேக்கரிக்காரர்கள் வண்டியிலிருந்து மாவு மூட்டையை இறக்கினார்கள். மெக்கானிக்கே குனிந்து கோடு போட்டார்.

"அவங்க மாவு, அவங்களுக்குச் சாதகமா ஒரு அடி தள்ளி விழுந்திருக்கு," என்ற இஸ்திரிக்காரர் சலவைத்தூள் டப்பாவோடு வந்து இன்னொரு கோடு போட்டார்.

"ரெண்டு கோட்டுக்கும் வெளிய நில்லுங்க," என்று மெக்கானிக் தீர்ப்புச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. சலவைத்தூள் நுரைத்தது. மச்சினன் வழுக்கிக்கொண்டே வந்து பெட்டியின் நட்டநடுவில் உட்கார்ந்தான்.

"நான் வரல மாமா. நுரை கூட்டிட்டு வந்துச்சு."

"எழுந்து வெளிய போ."

"அக்காகிட்ட சொல்றேன்."

"சொல்லிக்கோ. பத்தடி தள்ளி நின்னு சொல்லு."

இத்தனை களேபரத்திலும் வாய் திறக்காத ஒரே ஆள் பேக்கரி கோல்கீப்பர்தான். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசில் கேட்டதும் பந்தை உதைத்தார். அது யார் மேலும் படாமல் நடு மைதானத்தைத் தாண்டியது. ஆட்டம் முடிந்தது.

தேர்வாளர் எழுந்து வந்தார். "சொந்த மச்சினன்னும் பார்க்கல. யார் எங்க நிக்கணுமோ அங்க நிக்க வெச்சீங்க. தேறிட்டீங்க," என்று பேனாவைத் திறந்தார்.

மெக்கானிக் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

கோல்கீப்பர் நொண்டியபடி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நன்றி சார். பந்து என் முழங்கால்ல பட்டுத்தான் வெளிய போச்சு, அவங்களுக்குக் கார்னர் கொடுத்துருவீங்கன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன்."