ஒத்தை லைனும் ரெட்டை மோடமும்

"ரிசீவரை எடுத்துடாதே!" என்று பாத்திரக்கடைக்காரர் அலறியபோது, அவர் மனைவி அதை எடுத்துக் காதிலேயே வைத்துவிட்டாள்.

மேசைமேல், டெலிபோன் லைன் வழியாக இன்டர்நெட்டை இழுத்துக்கொண்டிருந்த மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. முக்கால்வாசி இறங்கியிருந்த மகளின் மெயில் மாயமாய்ப் போயிற்று. இனி முதலிலிருந்து.

"பிரசவத்துக்கு நாள் குறிச்சிருக்கிற பொண்ணுகிட்ட நாலு வார்த்தை பேசலாம்னு எடுத்தேன். அது தப்பா?"

"அவ மெயில்ல ஏதோ அனுப்பியிருக்கா. பேரப்பிள்ளை போட்டோவாத்தான் இருக்கும். போன்ல மூக்கு தெரியுமா, முழி தெரியுமா?"

மகள் வெளிநாட்டில் இருந்தாள். நல்ல சேதி எந்த நிமிஷமும் மெயிலில் வரலாம் என்று, கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, நாலு நாளாக டெலிபோன் லைனைக் கணினிக்கே தாரை வார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். இன்று காலை வந்தேவிட்டது. 'அப்பா, இதை உடனே திறங்க' என்று ஒரே வரி. கூடவே யானைக்குட்டி கனத்தில் ஓர் இணைப்பு.

மனைவியின் தம்பி எட்டிப் பார்த்தான். கணினி விஷயத்தில் வீட்டின் ஒரே நிபுணன். போட்டிக்கு ஆளில்லாததால் வந்த பதவி.

"ஒரு பிள்ளை போட்டோ இவ்வளவு பெரிசா இருக்காதே மாமா."

"அப்படின்னா?"

"ரெட்டையோ என்னவோ."

அவ்வளவுதான். பாத்திரக்கடைக்காரர் கடைக்கு ஆள் அனுப்பி எவர்சில்வர் பால் கிண்ணம் இரண்டு வரவழைத்தார்.

"இந்த வேகத்துல இறங்கினா பிள்ளைங்களுக்கு மீசை முளைச்சிடும். வழி சொல்லு மச்சான்."

"இன்னொரு மோடம் போட்டு ரெண்டையும் சேர்த்துட்டா வேகம் ரெட்டிப்பு."

மூட்டை இறக்க இரண்டு ஆள் என்றால் வியாபாரிக்குப் புரியாதா? ஓடிப்போய் வாங்கிவந்தார். பேரம் பேசிய பேச்சில் ஒரு சுருள் வயரும் கொசுறாக வந்தது.

இரண்டு மோடத்தையும் ஒரே டெலிபோன் லைனில் மாட்டினார்கள். முதலாவது லைனைக் கவ்விக்கொண்டது. இரண்டாவது, பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளி போல முனகிவிட்டு ஓய்ந்தது.

"ஒரே குழாய்ல ரெண்டு குடத்தை வெச்சா தண்ணி ரெட்டிப்பா வருமாடா?" என்றாள் அக்கா.

நிபுணன் தலையைச் சொறிந்தான். "லைனும் ரெண்டு வேணும்க்கா. அது... சொல்ல விட்டுப்போச்சு."

புது லைனுக்கு மனுப் போட்டால், பேரப்பிள்ளைக்குப் பேரப்பிள்ளை பிறக்கும்போது வந்து மாட்டுவார்கள். பாத்திரக்கடைக்காரர் மாடியைப் பார்த்தார். மாடியில் தையல்காரம்மா. அவளிடம் ஒரு டெலிபோன்.

"தர்றேன் அண்ணே, உங்க மக நான் சட்டை தெச்சுக் கொடுத்து வளர்ந்த பொண்ணுதானே. ஆனா ஒரு மணி நேரம்தான்."

"சாயந்திரம் வரைக்கும்மா."

"என் வாணலி ஓட்டையாக் கிடக்கு."

"புதுசு தர்றேன்."

"மூடியோட?"

"மூடியோட!"

கொசுறு வயர் மாடி ஜன்னல் வழியாக இறங்கி, படிக்கட்டைக் கடந்து, கூடத்துக்கு வந்தது. இரண்டு மோடமும் சேர்ந்து கீச்சிட்டன. வேகம் நிஜமாகவே ரெட்டிப்பாயிற்று. பாத்திரக்கடைக்காரர் மச்சானைக் கட்டிக்கொண்டார்.

அந்த ஆனந்தம் தையல்காரம்மாவின் முதல் வாடிக்கையாளர் படியேறும்வரை நீடித்தது. "போனே போகலியே, என் சட்டை என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் வயரில் கால் மாட்டி, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றார். அடுத்து ஒரு குண்டு மனிதர். அதற்கடுத்து ஒரு குடும்பமே. வேறு வழியில்லாமல் பாத்திரக்கடைக்காரர் படிக்கட்டில் நின்று, வயரைத் துணிக்கொடி மாதிரி இரு கையாலும் தூக்கிப் பிடித்தார். ஊரே அவர் கைக்கடியில் குனிந்து போய்வந்தது.

"எவ்வளவு ஆச்சு மச்சான்?"

"இன்னும் ஒரு நூல்தான் மாமா! மூச்சு விடாதீங்க!"

மாடியில் ஜன்னல் படாரென்று திறந்தது. "வாணலியும் வேணாம், மூடியும் வேணாம்! வர்றவங்க எல்லாரும் என் தலையை உருட்டுறாங்க!" தையல்காரம்மா வயரைப் பிடுங்கி வீசினாள்.

கூடத்தில் ஒரு மோடம் அறுந்ததும் அதோடு சேர்த்துக் கட்டிய மற்றதும் கூடவே கண்ணை மூடியது. ஒரு நூல் பாக்கியில் எல்லாம் போயிற்று.

பாத்திரக்கடைக்காரர் படியிலேயே உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து அமர்ந்து, அவர் கழுத்தில் சுற்றியிருந்த வயரைப் பொறுமையாக விடுவித்தாள்.

"முகத்தைப் பாக்கணும்னுதான்..." என்றார் அவர்.

"எனக்குத் தெரியாதாங்க?"

மாடியில், திரும்ப மாட்டிய டெலிபோன் அடித்தது. தையல்காரம்மா எடுத்தாள்.

"யாரு... அடி என் கண்ணு! பொம்பளப் பிள்ளையா! ஒண்ணுதானே? நல்லாயிருக்கியா?"

பாத்திரக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். மடியில் செருகி வைத்திருந்த இரண்டு கிண்ணங்களில் ஒன்றை, ஓடிவந்த மச்சானிடம் திணித்தார். மற்றதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலு நாலு படியாகத் தாவினார்.

தையல்காரம்மா ரிசீவரை நீட்டியபடியே சொன்னாள்: "நாலு நாளா உங்க லைன் கிடைக்கவே இல்லையாம் அண்ணே, அதனால போன்ல சொல்ல வேண்டியதையெல்லாம் பேசிப் பதிவு பண்ணி மெயில்ல அனுப்பிச்சாளாம்; கேட்டுட்டீங்களான்னு கேக்கறா!"