அம்மா காதால் பார்த்த படம்

தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்வதற்கு அறிவு தேவையில்லை, வாய் இருந்தால் போதும். பதினேழு வயதில் எனக்கு அந்த வாய் தாராளமாகவே இருந்தது. (இப்போதும் குறையவில்லை என்பது என் வீட்டுக்காரரின் கருத்து. அவரை யாரும் கேட்கவில்லை.)

எண்பத்து நான்காம் ஆண்டு. கிளிநொச்சிக்குப் பக்கத்தில், குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கும் ஒரு குடியேற்றத் திட்டத்தில் இருந்தோம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனையோடு படிப்பு முடிந்துவிடும். மேலே படிக்க யாழ்ப்பாணம் போய் விடுதியில் தங்க வேண்டும். கணக்கில் எனக்கு நல்ல பெறுபேறு வந்திருந்தது. அப்பாவிடம் கேட்டால், "கொம்மாவைக் கேள்" என்பார். அம்மாவிடம் கேட்டால், "கொப்பாவைக் கேள். ஆனையிறவில ஆமி பஸ்ஸை மறிக்கிற காலத்தில குமர்ப்பிள்ளையை அங்கால விட்டிட்டு நான் என்னண்டு நித்திரை கொள்ளுறது?" என்பார். இரண்டு பேருக்கும் நடுவே மாதக்கணக்காக உருண்டுகொண்டிருந்தேன்.

அப்பா பிள்ளையார் கோயில் தலைவர். ஊருக்கே முடிவு சொல்பவர்தானே வீட்டுக்கும் சொல்வார் என்று நினைத்து, அவர் மனதைக் கரைக்க வழி தேடினேன். (கணக்கில் கெட்டிக்காரி போட்ட முதல் பிழையான கணக்கு இது.)

வழி, திருவிழா முடிந்த மறுநாள் தானாகவே வந்தது. ரவுணிலிருந்து ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவதாக ஏற்பாடு. இரவில் கூட்டம் கூட முடியாத காலம் என்பதால் பட்டப்பகலில், பள்ளிக்கூட மண்டபத்துச் சன்னல்களுக்கெல்லாம் சாக்குக் கட்டி, இருட்டாக்கியிருந்தார்கள். கசெற் எடுத்து வந்தவர் என் பெரியம்மாவின் மகன் குணம் அண்ணை. அவர் கேட்டது பக்திப்படம். கடைக்காரன், "பழைய காலத்துக் கோயிலெல்லாம் வரும், கொண்டு போங்கோ" என்று எதையோ கொடுத்துவிட்டான்.

கோயில் வந்ததென்னவோ உண்மைதான். பெரிய பெரிய கல்தூண்கள், குதிரைகள், போர்வை சுற்றிய ஆண்கள், வானத்தைப் பார்த்து ஓலைச்சுருளில் ஏதோ குறிக்கும் ஒரு பெண். வாயைத் திறந்தால் எல்லாரும் இங்கிலீசு. சனம் கத்தத் தொடங்கியது. முன்வரிசைக் கதிரையில் ஐயருக்குப் பக்கத்தில் இருந்த அப்பா எழும்பித் திரும்பினார்.

"இங்கிலீசு தெரிஞ்ச ஆரும் இருக்கிறியளோ?"

இங்கிலீசு வாத்தியார் லீவில் ஊருக்குப் போயிருந்தார். நான் எழும்பினேன். பசுவைப் பற்றிப் பத்து வசனம் பிழையில்லாமல் எழுதுவேன். அந்தப் படத்தில் பசுவே வரவில்லை என்பது என் குற்றமா?

"எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றேன்.

குணம் அண்ணை கோயில் மைக்கை என் கையில் தந்தார். அதன் ஒலிபெருக்கிக் குழாய் வெளியே பாலை மரத்தில் திருவிழாவுக்குக் கட்டியபடியே இருந்தது. கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் சொன்னதெல்லாம் வாய்க்கால் கடந்து, வயல் கடந்து, ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது.

ஆரம்பம் நன்றாகத்தான் போனது. வாயசைப்பைப் பார்த்து ஊகித்துச் சொன்னேன். அந்தப் பெண் வானசாத்திரம் படித்தவள். அடுத்த கிரகணம் எப்போது வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறாள். அந்த ஊர்ப் பூசாரிகளுக்குக் கோபம், சாமி செய்கிற வேலையை இவள் எப்படி முன்கூட்டியே சொல்லலாம் என்று.

"உதிலென்ன பிழை? பஞ்சாங்கத்தில போட்டுத்தானே இருக்கு" என்றார் ஐயர்.

அப்பாவும் தலையாட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதோ, படித்த பெண்ணின் பெருமை பேசும் படம்! இது முடியவும் அப்பா என் பெட்டியை அவரே கட்டித் தருவார் என்று நினைத்தேன். அந்த உற்சாகத்தில், "இவவை இந்த ஊரே தெய்வமாய்க் கும்பிடுது" என்று படத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன்.

சொல்லி வாய் மூடவில்லை, ஊரே கூடி அவளைத் துரத்தத் தொடங்கியது.

படித்த பெண்ணுக்கு இதுதான் கதி என்று அப்பா கண்டுகொண்டால் என் படிப்பு அந்த மண்டபத்திலேயே முடிந்துவிடும். துரத்தியவர்கள் குனிந்து எதையோ பொறுக்கினார்கள், எறிந்தார்கள்.

"பூப்போடுகினம்" என்றேன்.

மண்டபத்தின் நடுவிலிருந்து முத்தம்மாக்காவின் குரல் வந்தது. மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் வாய்க்காலுக்கு அங்காலே காணி திருத்தியவர். "ஏம்மா, அது கல்லு மாதிரில்ல தெரியுது?"

"அந்த நாட்டுப் பூ அப்பிடித்தான். கனம்."

"ரத்தம் வருதே!"

"குங்குமம்" என்றேன், கண்ணை மூடிக்கொண்டு.

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கழுத்து சிவப்பது அந்த இருட்டிலும் எனக்குத் தெரிந்தது.

அடிபட்ட பெண் ஒரு பெரிய கட்டடத்துக்குள் ஓடினாள். உள்ளே அடுக்கடுக்காக ஓலைச்சுருள்கள். பின்னால் வந்தவர்கள் பந்தத்தோடு நுழைந்தார்கள். அப்போதாவது நான் மைக்கைக் கீழே வைத்திருக்கலாம்.

"கறையான் பிடிச்ச பழைய புத்தகங்களைக் கொளுத்துகினம். நாளைக்குப் புதுசு வருது."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு யாழ்ப்பாணத்து நூலகத்தில் புத்தகங்கள் எரிந்த நாள் நினைவிருந்தது. மற்றப் பாதிப் பேர் கலவரங்களில் தங்கள் வீடுகள் எரிவதைப் பார்த்துவிட்டு வன்னிக்கு வந்தவர்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அப்பா எழும்பி வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மைக்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி அணைத்தார்.

"காணும் பிள்ளை. எரியிறது எங்களுக்கு விளங்கும்."

மிச்சப் படத்தை எல்லாரும் மொழிபெயர்ப்பு இல்லாமல் பார்த்தார்கள். ஒருவர்கூட எழும்பிப் போகவில்லை. அவள் பிழைக்கவில்லை.

ரீவியையும் டெக்கையும் ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. யாழ்ப்பாணத்துக்கு மனதுக்குள் முழுக்குப் போட்டுவிட்டுப் பின்னால் நடந்தேன்.

படம் பார்க்க வராத அம்மா குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"இஞ்சாருங்கோ, நான் குழாயில எல்லாம் கேட்டனான். படிச்ச பெட்டைக்கு ஊரே கூடிப் பூப்போடுது, புதுப் புத்தகம் குடுக்குது. நாங்கள் ஏன் பயந்து சாகவேணும்? உவளை அனுப்புவம்."

நான் பிட்டுக்குழலைப் பார்த்தபடி நின்றேன். அப்பா செம்பில் தண்ணீர் எடுத்தார், குடிக்கவில்லை.

"உண்மையாப் பூத்தானே போட்டவை?" என்று அம்மா கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"ஓம். நல்லாப் போட்டவை" என்றார். "பிட்டை எடும், பசிக்குது."

அடுத்த மாதம் ஆனையிறவைத் தாண்டினேன். பிறகு கணக்கு ரீச்சராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்காவது திட்டு விழுந்தால் 'பூப்போடுகினம்'. கறி கருகினால் 'கறையான் பிடிச்சது'. அம்மாவுக்கு முன்னால் மட்டும் எல்லாரும் கவனமாக இருப்போம். அப்பா கடைசிவரை காப்பாற்றிய பொய்யல்லவா!

அப்பா போய் இரண்டு வருடம் கழித்து, என் மகளுக்கு வாய் பொறுக்கவில்லை. (யாருடைய மகள்!) "அம்மம்மா, அது பூவில்லை, கல்லு" என்று போட்டுடைத்துவிட்டாள்.

அம்மா வெற்றிலையை மடித்தபடி, "தெரியும்" என்றார். "நீங்கள் வந்து சேரமுந்தியே முத்தம்மா வேலியில நிண்டு சொல்லிப்போட்டுப் போனவள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுகொண்டோ என்னை அனுப்பினனீங்கள்?"

"அனுப்பவேணும் எண்டு எனக்கும் ஆசைதான், பயத்தில மறிச்சனான். கொப்பா என்ன சொல்லுறார் பாப்பம் எண்டு கேட்டன். அந்த மனிசன் என்னட்டைச் சொன்ன ஒரேயொரு பொய் அது. அதை வீணாக்கலாமோ?"

இப்போது என் மகள் படிக்கக் கம்பசுக்குப் போகிறாள். ஒவ்வொரு முறை அவள் பஸ் எடுக்கக் கிளம்பும்போதும் அம்மா கேற்றடி வரை வந்து ஒரே புத்திமதிதான் சொல்வார்.

"பூப்போடுவினம் பிள்ளை. குனிஞ்சு போ."