செமினாரில் நான் எழுந்து நின்ற விவரம்

தாராபுரம் தாலுகா,
யுவ வருஷம் ஆனி மாதம் 8-ந் தேதி.

சத்தியமங்கலம் மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ மாப்பிள்ளை காளிச்சாமி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் அக்காள் புருஷன் ஆறுச்சாமி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் அக்காள் செல்லாத்தாளும் எருதுகள் நான்கும் க்ஷேமம். கிணற்றில் தண்ணீர் மட்டும் அவ்வளவு க்ஷேமம் இல்லை. தங்கள் க்ஷேமத்துக்கும் குழந்தைகள் க்ஷேமத்துக்கும் எழுத வேண்டியது.

நிற்க. கோயமுத்தூரில் நூறு பேர் முன்னால் என்னை நிறுத்தி விசாரித்தார்கள் என்று சந்தையில் யாரோ சொன்னதாகக் கார்டு எழுதியிருந்தீர்கள். விசாரித்தது போலீஸ் அல்ல. அது விவசாய ஆராய்ச்சிக்காரர்கள் கூடிப் பேசுகிற கூட்டம். செமினார் என்று பேர். என்னை ஒருவரும் நிறுத்தவில்லை. நானாகத்தான் எழுந்து நின்றேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சென்ற புரட்டாசியில் கோயமுத்தூர்க் காலேஜிலிருந்து திருமூர்த்தி என்று ஒரு தம்பி நம் தோட்டத்துக்கு வந்தார். இருபத்தெட்டு வயசு இருக்கும், மெலிந்த ஆள், கண்ணாடி போட்டவர். ஆராய்ச்சிப் பயிற்சி என்று ஒரு வருஷம், அதன் முடிவில் பெரியவர்கள் முன்னால் ஒரு பேச்சு, பேச்சு தேறினால் உத்தியோகம், தேறாவிட்டால் ஊர் என்று விவரம் சொன்னார். உத்தியோகம் ஆன பிறகுதான் பெண்டாட்டியை அழைத்து வைத்துக்கொள்ள முடியுமாம். நம் ஒரு ஏக்கர் கம்போடியாப் பருத்தியைக் கயிறு கட்டி இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் அவர் முறை, அளவுகோல் வைத்து வரிசையாக விதைப்பது. மறு பாதியில் என் முறை, கையால் வீசுவது. இரண்டு பாதிக்கும் ஒரே உழவு, ஒரே எரு, ஒரே தண்ணீர். அவர் கேட்டது அவ்வளவுதான். ஒரு பிடி எருகூட எந்தப் பக்கமும் கூடுதலாகப் போடக்கூடாது என்றார். நானும் சரியென்று சொன்னேன்.

மார்கழியில பாத்தா அவரு பாதி நல்லா எந்திரிச்சு நிக்குது, என் பாதி கொஞ்சம் சுணங்கின மாதிரி எனக்குத் தெரிஞ்சுது மாப்ளே. வழியில போறவனெல்லாம் வேலியோரமா நின்னு பாக்கறான். முப்பது வருஷமா வெள்ளாமை செய்யறவன் நான், கண்ணாடி போட்ட தம்பி கிட்டத் தோத்தேன்னு நாளைக்கு ஊரெல்லாம் பேச்சாகும். அந்தத் தம்பி நாலு நாள் கோயமுத்தூர் போன சமயம், நாலு மூட்டை கடலைப் புண்ணாக்கை ஊற வெச்சுக் கரைச்சு, தண்ணியோட சேத்து என் பாதிக்கு மட்டும் விட்டுப்போட்டேன். நானேதான் மடை மாத்துனேன். உங்க அக்காளுக்குக் கூடச் சொல்லலை. கடைசியில எடை போட்டா, என் பாதியில ஒரு மூட்டைப் பருத்தி ஜாஸ்தி. திருமூர்த்தித் தம்பி மூணு நாளைக்குச் சரியாச் சோறு திங்கலை. நாலாம் நாள் நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டாரு.

போன சனிக்கிழமை பேச்சு. நானும் வரோணும்னு ஆளனுப்பிக் கூப்பிட்டாரு, முன் வரிசையில நாற்காலி போட்டு வெச்சிருந்தாரு. மேஜிக் லாந்தர்னு படங்காட்டற விளக்குல நம்ம காட்டைச் சுவத்துல காட்டுனாங்க. செடியெல்லாம் வானத்துல இருந்து தொங்குது. “ஏனுங்க, என் காடு தலைகீழா இருக்குதுங்க” அப்படீன்னேன். படக் கண்ணாடியைத் திருப்பி வெச்சாங்க. பாதி இங்கிலீசு, பாதி தமிழுன்னு தம்பி பேசுனாரு. கைவிதைப்பு ஜெயிச்சதுக்குக் காரணம் நம்ம மண்ணோட தனிக் குணம்னு ஒன்பது பக்கம் படிச்சாரு. படிச்சு முடிச்சு, “இந்தச் சோதனை சுத்தமானது. கவுண்டர் ஒரு கூடை எருகூடக் கூடுதலாகப் போடாதவர்” அப்படீன்னு என்னைக் கை காட்டுனாரு. எல்லாருந் திரும்பிப் பாத்தாங்க. நான் துண்டை எடுத்து மொகத்தத் துடைச்சுக்கிட்டேன்.

பின்னால இருந்து ஒருத்தர் எந்திரிச்சாரு. “கைவிதைப்பு ஜெயிப்பது நடக்கவே நடக்காது. நீர் எடை போட்டது தப்பு, இல்லையென்றால் கணக்கு எழுதினது தப்பு” அப்படீன்னு போட்டுப் புடிச்சாரு. இன்னொருத்தர் சிரிச்சாரு. அப்புறம் நாலஞ்சு பேர் சிரிச்சாங்க. தம்பி காயிதத்தப் பொரட்டறாரு. “எடை சரிங்க, நான் மூணு தடவை போட்டேனுங்க”ன்னு மட்டும் சொல்றாரு. அந்தத் தம்பி எங்க ஊட்டுல எட்டு மாசம் சோறு தின்ன ஆளு மாப்ளே. எந்திரிச்சுட்டேன்.

“தம்பி மேல தப்பில்லீங்க. நான் புண்ணாக்கு விட்டுப்போட்டேனுங்க.”

“எத்தனை?” அப்படீன்னாரு தலைமைக்கு உக்காந்திருந்த புரொபசர் ரங்கராஜ்.

“நாலு மூட்டைங்க.”

அதைக் காயிதத்துல குறிச்சுக்கிட்டாரு. அப்புறம் புரொபசர் தம்பி பக்கம் திரும்பி, “மழையை அளந்தீர், மண்ணை அளந்தீர், செடியை அளந்தீர். கவுண்டரை அளக்க மறந்துவிட்டீர்” அப்படீன்னாரு. கூரை பறக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்குன பொறகு, தம்பிக்கு உத்தியோகமும் இல்லை, ஊருக்குப் போகவும் வேண்டாம், இன்னொரு வருஷம் அதே காட்டுல செஞ்சு காட்டட்டும்னு தீர்ப்பு ஆச்சு.

வெளிய வந்து காப்பிக் கடையில நானும் தம்பியும் உக்காந்தோம். பாதி டம்ளர் குடிச்ச பொறகு, “அந்த மண்ணுக்கு ஒரு பேரே வெச்சுப்போட்டேனுங்க” அப்படீன்னாரு தம்பி. இன்னொரு காப்பி சொன்னேன்.

ஆகவே நான் குற்றவாளிதான், ஆனால் போலீஸ் குற்றவாளி அல்ல என்பதைத் தாங்கள் அவ்விடத்து உறவின்முறையாருக்குத் தெரியப்படுத்த வேண்டியது. தங்கள் குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். மாரியம்மன் எல்லாருக்கும் மழையையும், எனக்குக் கொஞ்சம் புத்தியையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஆறுச்சாமி

பி.கு.: ஒட்டறதுக்கு முன்னாடி இந்தக் கடுதாசியை உங்க அக்காளுக்குப் படிச்சுக் காட்டுனேன். கேட்டுப்போட்டு முந்தானையால வாயை மூடிக்கிட்டா. கார்த்திகையில நானும் தம்பியும் ஒரு நாள் தாராபுரம் போயிருந்தப்ப, அந்தத் தம்பி தோத்துட்டா உத்தியோகம் கெடைக்காதேன்னு பரிதாபப்பட்டு, அவரு பாதிக்கு ரெண்டு வண்டி ஆட்டு எருவைக் கொட்டிக் கொத்தி உட்டாளாம். ரெண்டு வண்டி எருவையும் மீறி என் பாதி ஒரு மூட்டை ஜாஸ்தி காச்சிருக்குது மாப்ளே! அப்ப ஜெயிச்சது நான்தானா, புண்ணாக்கா, இல்ல மண்ணான்னு ஒண்ணும் புரியலை. வர்ற சனிக்கிழமை மறுபடியும் செமினார் இருக்குது. போய்ச் சொல்லிப்போட்டு வாரேன்னு உங்க அக்காள் கிட்டச் சொன்னேன். “நீங்க சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க, நானே வந்து எந்திரிச்சுச் சொல்லிக்கறேன், நீங்க பேசாம உக்காந்திருங்க” அப்படீங்கறா. உக்காந்திருக்கறதுக்குச் சம்மதிச்சுப்போட்டேன்.