ஆப்பில் இல்லாதது நடக்கவில்லை

லிஃப்ட் மெக்கானிக் ஒரு திங்கட்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே, இனிமேல் எதையும் தலையில் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்தார். முதல் நாள் மாலை, கூட்டி வருகிறேன் என்று சொன்னதை மறந்து, மனைவியை ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றரை மணி நேரம் மழையில் நிறுத்திவிட்டார். அவள் அங்கே வார்டு நர்ஸ். நனைந்து வந்தவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையே என்று மனுஷனுக்கு ஆகிவிட்டது.

ஆகவே, குறிப்பெழுத ஓர் ஆப். இதென்ன பிரமாதம் என்று ஆரம்பித்தவர், மூன்று வாரத்தில் பதினோரு ஆப்களை இறக்கினார். ஒன்றில் குறிப்புகளுக்கு நிறம் கொடுக்கலாம். அவசரத்துக்குச் சிவப்பா மஞ்சளா என்று தீர்மானிக்கவே நாலு நாள் போயிற்று. இன்னொன்றில் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள்ளும் பெட்டி. 'சலவைக்குப் போட்ட துணி வாங்கணும்' என்ற குறிப்பு எந்தப் பெட்டிக்குள் போனதோ, துணி இன்றுவரை சலவைக் கடையில்தான் இருக்கிறது. மற்றொன்று குறிப்புக்கும் குறிப்புக்கும் கோடு போட்டு உறவு காட்டியது. ஒழுகும் குழாய்க்கும் மாமியார் வருகைக்கும் கோடு போட்டுவிட்டு அதையே அரை நாள் ரசித்தார். குழாய் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

மனைவியிடம் இருந்தது உள்ளங்கை அளவில் ஒரு நோட்டு. யூனிபாரம் பையில், ஒரு பேனாவோடு கிடக்கும்.

பன்னிரண்டாவது ஆப் மனசுக்குப் பிடித்தது. பாஸ்வேர்டு தெரிந்தால் எந்தப் போனிலிருந்தும் அதைத் திறக்கலாம். பாஸ்வேர்டு போட்டார். எதை டைப் அடித்தாலும் கூடவே வாய்விட்டு முணுமுணுப்பது அவர் வழக்கம், அப்படியே முணுமுணுத்துப் போட்டார். போட்டபிறகுதான் சிக்கல் புரிந்தது. பாஸ்வேர்டை ஆப்புக்குள் எழுதி வைத்தால் அதைப் பார்க்க முதலில் ஆப்பைத் திறந்தாக வேண்டும். தலையிலோ எதையும் வைப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. சரி, உன் நோட்டில் ஒரு மூலையில் எழுதி வை என்று மனைவியிடம் பெருந்தன்மையாகச் சொன்னார். அவளும் எழுதி வைத்தாள்.

அன்றே ஒரு சட்டமும் போட்டார்.

"இங்க பாரு, இனிமே ஆப்ல இருந்தா அது நடந்தது. ஆப்ல இல்லைன்னா அது நடக்கவே இல்ல."

"எங்க வார்டுலயும் அதே ரூல்தாங்க. சார்ட்ல எழுதலைன்னா மாத்திரை குடுக்கலைன்னு அர்த்தம்."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே உஷாராகியிருக்க வேண்டும். அவர் எங்கே ஆனார்?

அடுத்த இரண்டு வாரம் வீட்டில் அவர் ராஜா. குழாய்க்கு வாஷர் வாங்கச் சொன்னேனே என்பாள். போனை எடுத்துத் தேடிப் பார்த்து, இல்லையே, அப்படியென்றால் நீ சொல்லவில்லை என்பார். ஃபேனைத் துடைக்கச் சொன்னதும் ஆப்பில் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். ஓர் ஆப் இல்லாமல் பதினாறு வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினோம் என்று அவருக்கே ஆச்சரியம்.

அந்தச் சமயம் பார்த்து மச்சான், அதாவது மனைவியின் தம்பி, போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றுகிறானாம். புதுக் கட்டடத்தில் நாலாவது மாடி. லிஃப்டுக்குக் குழி கட்டியிருக்கிறார்கள், லிஃப்ட் இன்னும் வரவில்லை. மாமா வந்தால் பீரோவுக்கு ஒரு கை ஆகும் என்றான். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். வாரம் முழுக்கக் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிறவருக்கு உருப்படியாகத் தூங்கக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். அதனால் ரொம்பக் கவனமாக அதை ஆப்பில் எழுதாமல் விட்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போன் அலறியது. எடுத்துப் பார்த்தார். 'இன்று மச்சான் வீடு மாற்றுதல். நானே வருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. பீரோ என் பொறுப்பு.'

"நான் இதை எழுதவே இல்லையே!"

மனைவி ஏற்கெனவே தலை சீவிப் புறப்பட்டு நின்றாள்.

"ஆப்ல இருக்குல்ல? அப்ப சொல்லியிருக்கீங்க."

"எனக்கு ஞாபகமே இல்ல."

"அதுக்குத்தானேங்க ஆப்பு."

அடித்துச் சத்தியம் செய்ய அவரால் முடியவில்லை. ஒருவேளை சொல்லித் தொலைத்திருப்போமோ என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் பீரோவை இறக்கி வைத்து மூச்சு வாங்கியபோதுதான் அந்தக் குறிப்பை மறுபடி பார்த்தார். எழுதிய நேரம், வியாழன் காலை பதினொன்று. வியாழன் பதினொரு மணிக்கு அவர் ஒரு லிஃப்ட் குழிக்குள் இருந்தார், போன் மேலே டூல் பெட்டியில் இருந்தது. வீட்டில் லீவு போட்டுவிட்டு இருந்தது ஒரே ஓர் ஆள். கையில் அவளுடைய போன், பையில் நோட்டு, அதன் மூலையில் பாஸ்வேர்டு!

நல்ல வேளை, இப்போதாவது புத்தி வந்ததே என்று, வியர்வை சொட்டச் சொட்ட அங்கேயே நின்று பாஸ்வேர்டை மாற்றினார். மனைவி இரண்டு தலையணைகளோடு பின்னால் ஏறி வந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்பு சிரித்துவிட்டுப் பீரோவைத் தூக்கினார்.

சாயங்காலம் குப்புறப் படுத்திருந்தார். அவள் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் போனை இனி எடுக்கக் கூடாது என்று குறித்து வைக்கலாமே என்று ஆப்பைத் தொட்டார். காலையில் மாற்றியதால் அது மறுபடி பாஸ்வேர்டு கேட்டது. ஒன்று போட்டார், தப்பு. இன்னொன்று போட்டார், அதுவும் தப்பு. இன்னும் ஒரே தடவைதான் என்று ஆப் எச்சரித்தது.

அவள் தைலக் கையைத் துடைத்துவிட்டு, நோட்டைப் பிரித்து அவர் மூக்குக்கு எதிரே வைத்தாள்.

"மூணாவது மாடியில முணுமுணுத்தீங்கல்ல, மறந்துடுவீங்களேன்னு எழுதி வெச்சேன்."