அதக்கிய சோகம்

படம் பார்க்கிறவர்கள் ஒரு ரகம்; படத்துக்குப் பொருள் சொல்கிறவர்கள் வேறு ரகம். மதுரையில் இந்த இரண்டாவது ரகத்துக்குக் கொடி பிடிக்கத் தகுந்தவர் கலெக்டர் கச்சேரி குமாஸ்தா ஹாலாஸ்யம். சோப்புக் கம்பெனி காலண்டரைக்கூட அவர் சும்மா தாண்டிப் போகமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அங்கவஸ்திரத்தால் துடைத்து மாட்டி, மூன்றடி பின்வாங்கி, பின்னால் நிற்பவர் காலை மிதித்து, தலையை ஒருக்களித்து, "ஹும்!" என்பார். அந்த 'ஹும்' வந்துவிட்டால் தப்ப முடியுமா? படத்தில் மான் இருந்தால் ரிஷி மகள். அன்னம் இருந்தால் ராஜகுமாரி. ஒன்றுமே இல்லாமல் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தால் புருஷன் கைவிட்டவள். தீர்ந்தது.

அப்பேர்ப்பட்டவர், தம் பெண் ஜானுவின் கல்யாணத்தைப் பேசி முடிக்கக் கோச்சடையில் பிள்ளையின் தகப்பனார் பட்டாபிராமன் வீட்டுக்குப் போனார். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண் பார்த்தாகிவிட்டது, ஜானுவுக்கும் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. தேதி குறிப்பதுதான் பாக்கி. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் கூடத்துச் சுவரில், ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்கிற மாதிரி, பெரிதாக ஓர் எண்ணெய் வர்ணப் படம் மாட்டியிருந்ததே, என்ன செய்வது?

"ஹும்! என்ன சோகம், என்ன சோகம்! புருஷன் கைவிட்ட ஸ்திரீ. உதடு இறுகியிருக்கு பாருங்கோ. கன்னம் எப்படி உப்பியிருக்கு! அழுகையை உள்ளேயே அடக்கிண்டிருக்கா."

"அது என் ஆத்துக்காரி, ஸ்வாமி," என்றார் பட்டாபிராமன். "கன்னத்திலே இருக்கிறது சோழவந்தான் வெத்தலை. அசையப்படாதுன்னு படம் எழுதினவன் ஒரு மணி நேரம் துப்பவே விடலை."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் அசட்டுச் சிரிப்புச் சிரித்துத் தப்பித்திருப்பார்கள். ஹாலாஸ்யத்துக்குத் தாம் சொன்ன பொருளை விட மனசு வருமா?

"வாயிலே வெத்தலை இருக்கட்டும். கண்ணிலே? சித்திரக்காரன் பொய் சொல்லமாட்டான். அந்த அம்மா மனசிலே ஏதோ குறை இருக்கு. நீங்கதான் கவனிக்கலை!"

அடுக்களையில் ஒரு பாத்திரம் 'ணங்' என்று விழுந்தது. காபி கொண்டுவர எழுந்து போன பட்டாபிராமன் மனைவி அனந்தலக்ஷ்மியம்மாள் திரும்பி வரவே இல்லை. "யோசிச்சுக் கடுதாசி போடறோம்," என்று பட்டாபிராமன் எழுந்து நின்றார். பிள்ளை வீட்டார் கடுதாசி போடுகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

ஒரு மாதம் கழித்து, அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது என்று சேதி வந்தது. அன்று ராத்திரி ஜானு கண் சிவந்து, முகம் வீங்கி, அப்பாவுக்குச் சாதம் பரிமாறினாள். ஹாலாஸ்யம் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டி, ஜலதோஷமா? மிளகு ரசம் வச்சுச் சாப்பிடேன்," என்றார்.

பாவம், அந்தப் பெண்! எனக்கே வயிறு எரிகிறது.

நீங்கள் சிரிக்கிறீர்களாக்கும்? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், இன்று உங்களுக்குச் சோறு போட்டவளின் முகம் எப்படி இருந்தது? சொல்லுங்கள், பார்க்கலாம்.