வெள்ளை முட்டையும் மூன்று நாற்காலிகளும்

அடிலெய்டு நகரத்திலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் கராபின்னா ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சலோடும் முறிந்த கையோடும் ஆட்கள் வருவது வழக்கம். போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, உடம்பில் ஒரு கோளாறும் இல்லாத இருநூறு பேர் வந்து நின்றார்கள். கார் நிறுத்த இடமில்லாமல் பக்கத்துத் தேவாலயத்துப் புல்வெளிவரை டயர் தடம். தீயணைப்புத் தொண்டர்கள் வாசலில் அடுப்பு வைத்து, ரொட்டியில் இறைச்சிச் சாசேஜை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லாமிங்டன் கேக் மட்டும் ஆறு தட்டு. எல்லாம் எதற்கு? ஒரு முட்டையைப் பார்க்க.

கோழி முட்டை அல்ல. ஈமு முட்டையும் அல்ல. பூசணிக்காய் அளவில், வெள்ளைப் பிளாஸ்டிக்கில் செய்த முட்டை. அடியிலிருந்து ஒரு மின்கம்பி. விளக்கு கிடையாது, ஓசை கிடையாது, முள் கிடையாது. ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. இப்படி ஒரு கருவியைக் கண்டுபிடிக்க உண்மையிலேயே மூளை வேண்டும்.

அதைக் கொண்டுவந்தவர் பிரெண்டன் ஸ்டாக்டேல். டாக்டரா என்றால் இல்லை. நர்ஸா என்றால் அதுவும் இல்லை. ‘சுகாதாரப் புத்தாக்கத் தலைமை ஆலோசகர்’. வெள்ளைக் காலணி, கன்னத்தோரம் மைக், வாய் நிறைய ‘அலை’.

“ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு தலைமை அலை இருக்கு மக்களே! அலை சரியா இருந்தா ஆம்புலன்ஸ் குறையும். கெட்டுப்போனா வரிசைகட்டி வரும். அதை எது கெடுக்குது? உங்க எல்லாருக்குமே தெரியும். அந்த வார்த்தை!”

கூட்டத்தில் இருந்த நர்சுகள் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

அந்த வார்த்தை ‘அமைதி’. கராபின்னா அவசரப் பிரிவில் இருப்பவர்கள் படிக்காதவர்கள் அல்ல. காகிதத்தில் ஓடும் கோட்டைப் பார்த்து இதயத்தின் குறையைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் யாராவது வாய்தவறி “இன்னிக்கி அமைதியா இருக்கே” என்றால் போச்சு. ஒருவர் ஓடிப்போய் மரமேசையைத் தட்டுவார். இன்னொருவர் சொன்னவரை வெளியே தள்ளி, மூன்று சுற்றுச் சுற்றி வரச் சொல்வார். அதைச் சொன்ன ஐந்தாவது நிமிடம் ஆம்புலன்ஸ் வந்தே தீருமாம். சொல்லாத நாளில் வந்த ஆம்புலன்ஸ்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெளியூர் மனிதரான பிரெண்டன் இந்தப் பயத்தை வந்த அன்றே மோப்பம் பிடித்துவிட்டார். வார்த்தையின் தோஷத்தை முட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்றார். மந்திரித்த கயிறு என்று சொல்லியிருந்தால் அடித்து விரட்டியிருப்பார்கள். புத்தாக்கம் என்றதும் கைதட்டினார்கள்.

நிர்வாகி ராஸ்லின் ஹேக்கட்டுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நல்ல பெண்மணி. மாநிலத்தில் புத்தாக்க விருது ஒன்று இருக்கிறது. அதை ஒரு முறையாவது வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே குறை.

அவசரப் பிரிவு மேசையில் வைத்திருப்பது தற்காலிகம்தானாம். முட்டைக்கு நிரந்தரமாக ஒரு தனி அறை வேண்டும், வடகிழக்கு மூலையில், ஜன்னலோடு. அங்கேதான் டயாலிசிஸ் பிரிவு இருந்தது. மொத்தமே மூன்று நாற்காலிகள்.

“அந்த மூணையும் நகரத்துக்கு அனுப்பிடலாம்” என்றார் பிரெண்டன். “நோய் இருக்கிற அறை அலையைக் குடிச்சிடும்.”

அந்த மூன்றில் ஒன்றில் திங்கள், புதன், வெள்ளி ஐந்து மணி நேரம் உட்காருகிறவர் ஆல்பி ஹோல்ஸ்ட். ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தே முதுகு வளைந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நாலு வருஷம் ஆகிறது. எழுந்து நின்றார்.

“அடிலெய்டு போக மூணு மணி, அங்க படுக்க அஞ்சு மணி, திரும்ப மூணு மணி. வாரத்துல மூணு நாள். நான் பொழைக்கிறதே கார்லதான்னு ஆயிடும் மேட். எனக்கு முடியாது. சும்மா விட்டுடுவேன்.”

சும்மா விட்டுவிடுவது என்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சிகிச்சையை நிறுத்தினால் பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து. கொஞ்ச நேரம் யாரும் சாசேஜைக் கடிக்கவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். டயாலிசிஸ் நர்ஸ் நொரீன் டிரெவாஸ்கிஸ்.

“பிரெண்டன், ஒரு சின்னக் கேள்வி. இது வேலை செய்யுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உள்ளங்கையை வச்சுப் பாருங்க. உணர்வீங்க!”

“உள்ளங்கையை அடுப்புல வச்சாலும்தான் உணர்வேன். ஆம்புலன்ஸ் குறையுதான்னு எப்படித் தெரியும்?”

கூட்டம் சிரித்தது. பிரெண்டன் அதைவிடச் சத்தமாகச் சிரித்தார். “நாலு வாரம் குடுங்க கண்ணு. குறையலேன்னா நானே தூக்கிட்டுப் போயிடறேன்.” நாலு வாரம் கழித்து நிர்வாகக் குழு கைதூக்கி முடிவெடுக்கும் என்று ராஸ்லின் அறிவித்தார். லாமிங்டன் தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது.

மறுநாள் புதன்கிழமை. ஆல்பியின் இடது கையில் ஊசிகளைக் குத்தி முடித்ததும், வலது கையில் ஒரு இருபது சென்ட் நாணயத்தை வைத்தார் நொரீன்.

“இருபத்தெட்டுத் தடவை சுண்டுங்க. விழுந்ததை விழுந்த வரிசையில எழுதிக்கறேன்.”

“எதுக்கு?”

“நாளைலேருந்து நாளுக்கு ஒண்ணு. தலை விழுந்த நாள் காலைல முட்டையோட பிளக்கைப் பிடுங்கிடுவேன். பிடுங்கிட்டு, அது முகத்துக்கு நேரா நின்னு அந்த வார்த்தையையும் சொல்லுவேன். பின்பக்கத்துப் பிராணி, அந்தப் பிளாட்டிபஸ் விழுந்தா பிளக்கை மாட்டிட்டு வாயை மூடிக்குவேன்.”

ஆல்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஒருவேளை ஆம்புலன்ஸ் கூடிடுச்சுன்னா?”

“கூடினா நான் தோத்தேன். முட்டைக்கு அறையைக் காலி பண்ணிக் குடுத்துட்டு உங்க காரை நானே ஓட்டறேன்.”

“நீ ஓட்டறதைப் பாத்திருக்கேன். அதுக்குப் பயந்தே நல்லாச் சுண்டறேன்” என்று ஆல்பி வேலையைத் தொடங்கினார். அவருடைய இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்க, நாணயம் போர்வையில் விழுந்துகொண்டே இருந்தது. பதின்மூன்று தலை, பதினைந்து பிளாட்டிபஸ்.

ஆம்புலன்ஸ் ஓட்டும் டெஸ் ஒவ்வொரு நாள் வரவையும் தன் பதிவேட்டிலிருந்து தனித்தாளில் எழுதினார். எந்த நாள் எந்தப் பக்கம் என்பது டெஸுக்குத் தெரியாது. தெரிந்தால் கையும் கண்ணும் ஒரு பக்கம் சாயும், அதனால் சொல்லவில்லை. முட்டையின் பிளக் துணி அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அதுவும் யார் கண்ணிலும் படவில்லை. நொரீனின் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில்தான். விடுமுறை நாளிலும் ஆறரைக்கு வந்து, பட்டியலில் உள்ளபடி செய்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில் முட்டையின் புகழ் ஊரைத் தாண்டியது. பக்கத்து ஊரிலிருந்து மூட்டுவலிக்காரர்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒரு ஆட்டுப்பண்ணைக்காரர் மழை வருமா என்று கேட்டார். முட்டை பதில் சொல்லவில்லை. தலைமை சத்தம் போடாது என்று பிரெண்டன் விளக்கினார்.

நாலு வாரம் முடிந்த மறுநாள், அவசரப் பிரிவிலேயே மறுபடியும் கூட்டம், மறுபடியும் சாசேஜ். பிரெண்டன் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். மலைச்சரிவு போல இறங்கியது.

“நான் வர்றதுக்கு முந்தின வாரம் முப்பத்தொரு ஆம்புலன்ஸ். இப்போ வாரத்துக்குப் பதினாலு. பாதிக்கும் கீழ! ராஸ்லின், வாங்க, கையை வைங்க. எப்படி இருக்கு?”

“லேசா… சூடா இருக்கு!” என்றார் ராஸ்லின். குழுவில் இருந்த ஏழு பேரும் வரிசையாக வந்து தொட்டார்கள். ஒருவருக்கு விரல் மரத்தது. ஒருவருக்கு முதுகில் நடுக்கம் ஓடியது.

பிரெண்டனும் கண்ணை மூடிக் கை வைத்தார். “இன்னிக்கி மாதிரி பலமா என்னிக்குமே இருந்ததில்ல!”

நொரீன் துணி அலமாரிக்குப் பின்னால் குனிந்தார். நிமிர்ந்தபோது கையில் பிளக் தொங்கியது.

“காலைல ஆறரைக்கே பிடுங்கிட்டேன்.”

முதலில் சிரித்தவர் அந்த நடுக்கம் ஓடியவர்தான். பிறகு கூரை அதிர்ந்தது.

பிரெண்டன் அசரவில்லை. இந்தத் தொழிலில் அசருகிறவன் பிழைக்க முடியாது. “அலை சுவர்லயே ஊறிடுச்சு! அதான் பிளக் இல்லாமலும் வேலை செய்யுது.”

“அப்போ நல்லதாப் போச்சு” என்றார் நொரீன். “சுவர் எங்ககிட்டயே இருக்கு. முட்டையை எடுத்துக்கிட்டுப் போங்க.”

சிரிப்பு அடங்குவதற்குள் பட்டியலைப் படித்தார். முட்டை செத்துக்கிடந்து, கெட்ட வார்த்தையும் சொல்லப்பட்ட பதின்மூன்று நாளில் வந்த ஆம்புலன்ஸ் இருபத்தாறு. முட்டை உயிரோடு இருந்து, எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்ட பதினைந்து நாளில் முப்பத்தொன்று. எப்படிப் பார்த்தாலும் நாளுக்கு இரண்டு.

“அப்போ இவர் வர்றதுக்கு முந்தின வாரம் முப்பத்தொண்ணு வந்துதே?” என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

டெஸ் எழுந்தார். “அது ஊர்க் கண்காட்சி வாரம் மேட். ராட்டினத்துல வாந்தி, மரம் வெட்டுற போட்டியில கால்ல கோடாலி, அப்புறம் அந்த இறால் பை பலகாரம் தின்னவங்க வயிறு. போன வருஷம் கண்காட்சி வாரத்துல இருபத்தொம்பது. அடுத்த வாரம் பதிமூணு. அப்போ முட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“நானும் அந்தப் பை பலகாரத்தைத் தின்னேன்” என்று யாரோ முனகினார்கள்.

ராஸ்லினின் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தது. “ஆனா அந்த வார்த்தை… நொரீன், பதிமூணு நாள் நெஜமாவே சொன்னியா?”

“இப்பவும் சொல்றேனே” என்று நொரீன் அவசரப் பிரிவின் நடுவில் போய் நின்று, மைக் இல்லாமலே கத்தினார். “இன்னிக்கி ரொம்ப அமைதியா இருக்கு!”

நாலு நர்சுகள் மரமேசையைத் தேடினார்கள். இருநூறு தலைகள் வாசலைப் பார்த்தன. கதவு படாரென்று திறந்தது.

“வெங்காயம் யாருக்கு வேணும்?” என்றார் சாசேஜ்காரர்.

ராஸ்லினைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவர்தான் எழுந்து, “மூணு நாற்காலியும் இருந்த இடத்துலயே இருக்கணும்னு சொல்றவங்க கை தூக்குங்க” என்று கேட்டு, தன் கையை முதலில் தூக்கினார். குழுவின் ஏழு கைகளும் உயர்ந்தன. தவறை ஒப்புக்கொள்வதற்கு எந்த மாநிலத்திலும் விருது கிடையாது. கொடுத்தால் அதை அவருக்குக் கொடுக்கலாம்.

“ஆனா விருதுக்கு மனு போட்டுட்டேனே” என்று பிறகு தனியாக அங்கலாய்த்தார்.

“அதுல ஆல்பி பேரைப் போடுங்க” என்றார் நொரீன். “நாலு வருஷத்துல இந்த ஆஸ்பத்திரியில நடந்த ஒரே ஆராய்ச்சி, அவர் ஒத்தைக் கையால பண்ணினது.”

ஆல்பி வெள்ளிக்கிழமை வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்தார்.

பிரெண்டன் முட்டையைக் காரில் ஏற்றி, சீட் பெல்ட் போட்டுக் கட்டி, கூட்டம் முடிந்த அன்றைக்கே வடக்கே போய்விட்டார். அங்கே ஏற்கெனவே இரண்டு ஆஸ்பத்திரிகளில் மேடை போட்டுக் காத்திருக்கிறார்களாம். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: எல்லோரும் கைதட்டும்போது ஒருவராவது எழுந்து, “எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் உள்ளங்கையை நீட்டச் சொன்னால் நீட்டாதீர்கள். அந்தக் கையால் உங்கள் தலையைக் கொஞ்சம் சொறியுங்கள். உள்ளே ஒன்று சும்மா கிடக்கிறது, அதற்கு பிளக்கும் தேவையில்லை.